ஆயிரம் ஆணுக்கு 632

ஆவூர் பஸ் கிளம்பும்போதே மழை பிடித்துக்கொண்டது. ஜன்னல் ஷட்டரோடு மல்லுக்கட்டிய மெர்லினுக்குப் பக்கத்து சீட்டுக்காரன் கை கொடுத்தான். நன்றி சொல்லத் திரும்பியவள்... சொல்ல மறந்தாள். மழை சொட்டும் இமைகளுக்குள் இப்படியா சிரிக்கும் ஒருவன் கண்!

பேர் செந்தமிழன், திருமயத்துக்காரன், மாவட்ட சுகாதார அலுவலகத்தில் புள்ளிவிவரம் பார்ப்பவன். மடியிலிருந்த தாளைக் காட்டி அவனாகவே புலம்பினான். ஆவூர்ப் பக்கம் ஒரு சிற்றூரில் போன வருஷம் பிறந்த முப்பத்தொரு பிள்ளைகளில் பெண் பன்னிரண்டுதானாம். ஆயிரம் ஆணுக்கு 632 பெண். வயிற்றிலேயே பார்த்துக் கலைக்கிறார்களோ என்று சந்தேகம். பிறப்பு விகிதமோ மாவட்டத்திலேயே அதிகம்.

"அந்த ஊரு நர்ஸம்மா என்னதான் பண்றாங்களோ... விசாரிக்கத்தான் போறேன்."

மெர்லினுக்குச் சுருக்கென்றது. "விசாரிங்க. நான்தான் அது."

பஸ் இறங்கியதும் அவனைத் தன் சப் சென்டருக்கு, ஊர்த் துணை சுகாதார நிலையத்துக்கு, கூட்டிப்போய்ப் பதிவேட்டைப் பிரித்துப் போட்டாள். கூட்டல், வகுத்தல் எல்லாம் சரி என்று அவன் அடம்பிடித்தான். அவள் ஒவ்வொரு பேராக விரல் வைத்துக் காட்டினாள். பதின்மூன்று பேர் தலைப்பிரசவத்துக்குத் தாய் வீடு வந்த மகள்கள். அவர்கள் பெற்றதில் ஒன்பது பையன். பெற்று, மூன்றாம் மாதம் புருஷன் ஊருக்குப் போய்விட்டார்கள். பிள்ளைகளை எண்ணியவன் தாய்மாரை ஊர்ப் பெண்கள் தொகையில் சேர்க்கவில்லை. பிறப்பு விகிதம் ஏறாமல் என்ன செய்யும்? இந்த ஊர் மருமகள்கள் ஐந்து பேர் தங்கள் தாய் வீட்டில் பெற்றதோ அவன் கணக்கிலேயே இல்லை. அதில் நாலு பெண்.

"எங்க ஊருக் கணக்கு பதினொரு பையன், பன்னெண்டு பொண்ணு. பொம்பளப் புள்ளைய வேணாங்கிற ஊராங்க இது?" கேட்கும்போதே கண் கலங்கிவிட்டது.

அவன் முகம் செத்துப்போனது. ஆனாலும் வீம்பு விடவில்லை. அறிக்கை மேலே போய்விட்டது, பார்க்கலாம் என்று எழுந்து போனான்.

அந்தப் 'பார்க்கலாம்' ஒரு வாரம் அவளுக்குச் சோறு இறங்கவிடவில்லை. ஊர்ப் பேர் கெடுமே என்ற கவலை பாதி. இப்படிக் கண்ணை வைத்துக்கொண்டு இவ்வளவு கர்வமா என்ற வருத்தம் மீதி.

புதுக்கோட்டையில் ஆய்வுக் கூட்டம். அதிகாரி ஊர்ப் பேரை வாசித்ததும் மெர்லின் எழப் போனாள். அதற்குள் செந்தமிழன் எழுந்துவிட்டான்.

"புள்ளை எங்க பொறந்துச்சுன்னு பாத்தேன் சார், எந்த ஊருப் புள்ளைன்னு பாக்கல. தப்பு என்னோடது."

அதிகாரி அத்தனை பேர் முன்னாலும் காய்ச்சி எடுத்தார். அவன் தலைகுனிந்து வாங்கிக்கொண்டான்.

வெளியே மறுபடியும் மழை... வாசலில் ஒதுங்கி நின்றவனிடம், ஏன் தானே மாட்டிக்கொண்டான் என்று கேட்டாள்.

"தப்புன்னு அன்னைக்கே தெரியும். ஒத்துக்கத்தான் மனசு வரல. ஆனா ஒரு வாரமா ஒங்க கலங்குன கண்ணுதாங்க முன்னாடி நிக்குது..." தயங்கினான். "ஒங்கள எனக்குப் புடிச்சிருக்கு மெர்லின். எங்க வீட்ல வேற சாமி கும்புடுறவங்க. எப்படிப் பேசுறதுன்னுதான் தெரியல."

மெர்லின் கன்னம் சூடேறியது. அவனைப் பார்க்க முடியாமல் மழையைப் பார்த்தாள்.

"வீடு வீடாப் போயிப் பேசுறதுதாங்க என் வேலை. ஞாயித்துக்கெழம சர்ச்சுல பூசை முடிஞ்சதும்... ஒங்க வீட்டுக்கும் வாரேன்."