பக்கத்து வீட்டுக்குப் போன தட்டு

மனிதகுலத்தின் கடைசி நம்பிக்கை, நெருக்கமாகக் கட்டிய, பல இனத்தார் கலந்து வாழ்கிற, எதற்கும் நடந்தே போய்வரக்கூடிய தெருக்களில்தான் இருக்கிறது. நகர அமைப்புப் பேராசிரியர் டாக்டர் தவநேசன் இந்த உண்மையைப் பதினோரு மாநாடுகளில் அறிவித்திருந்தார். பதினொன்றுக்கும் டாக்ஸியில்தான் போனார்.

ஆகவே, முப்பது வருட மெல்பர்ன் வாசத்துக்குப் பிறகு சொந்த ஊரான பினாங்குக்கே திரும்பி, லோரோங் பிஞ்சாய் என்ற தெருவில் ஒரு பழைய கடைவீட்டை வாடகைக்கு எடுத்த பதினாறாம் நாள், பக்கத்து வீட்டில் ஒரு கரண்டி விழுந்ததற்கெல்லாம் அவர் கலங்கியிருக்கக் கூடாது.

முதலில் கல்லுரலில் மிளகாய்ச் சம்பால் இடிக்கும் சத்தம் கேட்டது. இருபது இடி. பிறகு கரண்டி தரையில் விழுந்து இரண்டு முறை துள்ளியது. "அலாமாக்!" என்று ஒரு மலாய்க்காரம்மா தன்னையே கடிந்துகொண்டு சிரித்தாள். மணி ஆறேகால். நேற்றும் ஆறேகாலுக்குத்தான் விழுந்தது. முந்தாநாளும். அதே இருபது இடி, அதே இரண்டு துள்ளல், அதே சிரிப்பு.

'சமூகத்தின் தாளம்' என்று குறிப்பேட்டில் எழுதி அடிக்கோடும் போட்டு வைத்திருந்தார்.

அன்று மத்தியானம்தான் அக்கா லோச்சனி போனில் மறுபடி பிடித்துக்கொண்டிருந்தாள். அவள் ரெலாவ் பக்கம் பதினெட்டாவது மாடியில் இருந்தாள்.

"டேய் தவம், இங்க ஒரு ரூம் சும்மாதான் கெடக்கு. லிப்ட் இருக்கு, நான் இருக்கேன். இன்னும் என்னாடா வேணும் உனக்கு?"

"அங்க ஒரு வெங்காயம் வாங்கக்கூட நடந்து போக முடியாதுக்கா. எனக்கு மனுஷங்க சத்தம் வேணும்."

"குருவியத்தான்டா ஸ்பீக்கர் வெச்சிக் கூப்புடுவாங்க. நீ என்னா குருவியா?"

லோரோங் பிஞ்சாயில் ஒருகாலத்தில் பாதி வீட்டில் குருவிதான் குடியிருந்தது. குருவி தன் எச்சிலால் கட்டுகிற கூட்டைச் சூப்புக்கு விற்கிறவர்கள் சன்னலைச் செங்கல் வைத்து அடைத்து, உச்சியில் ஒரு சதுர ஓட்டை விட்டு, குருவிச் சத்தத்தை ஒலிபெருக்கியில் ஓட விடுவார்கள். உள்ளே பெரிய கூட்டம் இருக்கிறது என்று நம்பிக் குருவி வந்து கூடு கட்டும். அதைக் கண்டித்து டாக்டர் தவநேசன் கட்டுரையே எழுதியிருக்கிறார்.

அக்காவிடம் அவர் சொல்லாதது ஒன்று உண்டு. மெல்பர்னில் எதிர்க் கதவுக்காரர் செத்துப் பத்தொன்பது நாள் கழித்துத்தான் கதவை உடைத்தார்கள். என்ன நாற்றம் என்று தன் சன்னலைச் சாத்திக்கொண்டவர் இவர். தான் விழுந்தால் அது ஒருத்தர் காதிலாவது விழ வேண்டும். மாநாட்டுப் பேச்சையெல்லாம் உரித்துப் பார்த்தால் அவருடைய தத்துவம் அவ்வளவுதான்.

வீடு காட்டிய மேடம் கூய், வாடகைத் தரகர், கூட்டி வந்ததும் ஒரு சாயங்காலம்தான். வாசலில் நிறுத்தி, விரலை உதட்டில் வைத்தாள்.

"கேளுங்க டாக்டர்."

சம்பால் இடிபட்டது. எங்கோ ஒரு சீனத் தாய் பிள்ளையைச் சோற்றுக்குக் கூப்பிட்டாள். ஒரு தமிழர் ரேடியோ நகைச்சுவைக்கு விழுந்து விழுந்து சிரித்தார்.

"மூணு இனமும் ஒரே தெருவுல. நீங்க மாநாட்டுல காட்டற படத்துல இருக்கற மாதிரியே இல்ல? ஒண்ணே ஒண்ணு லா, இங்க எல்லாரும் கொஞ்சம் கூச்சப்படுவாங்க. தொந்தரவு பண்ணிடாதீங்க."

கண் கலங்கி அங்கேயே கையெழுத்துப் போட்டார்.

பதினாறு நாளில் ஒரு முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. குடிவந்த வாரமே, ஊர் வழக்கப்படி ஒரு தட்டில் வடை வைத்துப் பக்கத்து வீட்டைத் தட்டினார், யாரும் வரவில்லை, படியில் வைத்துவிட்டு வந்தார். காலையில் தட்டு உள்ளே போயிருந்தது. இந்த ஊரில் பக்கத்து வீட்டுக்குப் போன தட்டு வெறுமையாகத் திரும்பாது, ஒரு பலகாரமாவது ஏறித்தான் வரும். இது திரும்பவே இல்லை.

"அலாமாக்" என்ற குரல் அடங்குவதற்குள், இன்னொரு தட்டு வடையோடு அவர் படியிறங்கிவிட்டார். மழைக்கு முந்திய புழுக்கத்தில் தெரு வெந்து கிடந்தது. வானம் பழுத்த மஞ்சளாக இருந்தது. தலைக்கு மேல் கூட்டங்கூட்டமாகக் கீச்சிட்டுச் சுழன்ற குருவிகள் ஒவ்வொன்றாகப் பக்கத்து வீட்டு உச்சியில் நுழைந்து மறைவதை, பதினாறு நாளும் சிரித்த குரலை மட்டும் கேட்டுக்கொண்டிருந்த மனிதர், அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார். மரச் சன்னலின் பலகை இடுக்குகளுக்குப் பின்னால் வெளிச்சம் இல்லை. செங்கல் இருந்தது.

மரக்கதவு தொட்டதும் திறந்தது. அதற்குள் ஒரு இரும்புக் கதவு. அதுவும் திறந்தே இருந்தது.

"கக்..." என்று மலாய்க்காரம்மாவை அக்கா முறை சொல்லிக் கூப்பிட்டார். "வீட்ல யாருங்க?"

குருவி எச்சத்தின் காரம் மூக்கிலிருந்து தொண்டைக்கு இறங்கியது. ஈரச் சுண்ணாம்பு வாடை. காலடியில் ஏதோ பொதபொதவென்று அமுங்கியது. மேலே நூறு சிறகுகள் நகர்ந்தன. போனின் விளக்கைப் போட்டார்.

அடுப்பு இல்லை. கல்லுரல் இல்லை. சங்கிலியில் தொங்கும் ஒலிபெருக்கிகள் இருந்தன. ஒன்று அவர் வீட்டுச் சுவரைப் பார்த்து. ஒன்று தெருவைப் பார்த்து. ஒன்று கூரையைப் பார்த்து. மறுபடி கரண்டி விழுந்தது. துள்ளியது. துள்ளியது.

"அலாமாக்!"

பின்னால் இரும்புக் கதவு தானாகச் சாத்திக்கொண்டது. கூட்டைத் திருட வருகிறவர்களுக்காகச் செய்த கதவு. உள்பக்கம் பிடியே இல்லை.

போன் வெளிச்சம் தரையில் விழுந்தது. தட்டுகள். சுவரோரம் வரிசையாக. பச்சைப் பூப் போட்ட தகரத் தட்டு, மேலே உலர்ந்த சம்பால். சேவல் படம் போட்ட பீங்கான் தட்டு. ஒரு எவர்சில்வர் தட்டு. நான்காவது, அவருடையது. வடையில் பூஞ்சை.

அப்போதுதான் நான்காவது ஒலிபெருக்கியைப் பார்த்தார். புதிது. பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கவில்லை.

அது தொண்டையைக் கனைத்தது.

"எனக்கு மனுஷங்க சத்தம் வேணும்" என்றது. அவர் குரலில்.

போன் அணைந்தது.

வெளியே கார் நிற்கும் சத்தம். செருப்புச் சத்தம். மேடம் கூய்.

"கேளுங்க."

அவர் கதவில் பாய்ந்தார். குத்தினார். மூன்று குத்து. "நான் உள்ள இருக்கேன்! கதவத் தொறங்க! ஐயோ, தொறங்க!"

"அட, பக்கத்துல ஆளுங்க இருக்காங்களே!" ஒரு இளம்பெண்ணின் குரல், பூரித்துப்போய்.

"புரொபசர் லா. கொஞ்சம் கூச்சப்படுவாரு. தொந்தரவு பண்ணிடாதீங்க."

"எவ்ளோ உயிரோட இருக்கு, இல்ல இந்தத் தெரு?"

மூச்சு வாங்க நிறுத்தினார்.

சத்தம் நிற்கவில்லை. முதுகுக்குப் பின்னால், இருட்டில். மூன்று குத்து. நான் உள்ள இருக்கேன். கதவத் தொறங்க. ஐயோ, தொறங்க. மூன்று குத்து.

ஒரு குருவி அவர் தோளில் வந்து உட்கார்ந்தது.

கையிலிருந்த வடை இன்னும் சூடாக இருந்தது. வடைக் கடை தெருமுனையில் நூறடி தூரத்தில் இருந்தது. அவர், அக்கா இரவலாகக் கொடுத்திருந்த காரை எடுத்துக்கொண்டு போய்த்தான் வாங்கி வந்திருந்தார்.