செத்த குழாய்

அந்தக் குழாய் வியர்த்திருந்தது.

நிலவறைச் சுவரின் பழைய காரையைக் கொத்தி இறக்கியபோது உள்ளே மூன்று குழாய்கள் தெரிந்தன. மீட்டரிலிருந்து மேலே போகும் தண்ணீர்க் குழாயையும், மேலிருந்து இறங்கும் கழிவுக் குழாயையும் யர்மிலாவுக்குத் தெரியும். மூன்றாவது எதிலும் சேராமல், மூலையில் தரைக்குள்ளிருந்து தனியாக எழுந்து, கூரைப் பலகைக்குள் நுழைந்து மறைந்தது. காலையிலேயே அவள் மெயின் வால்வை இறுக்கி மூடி, மேலே எல்லாக் குழாய்களையும் திறந்து கடைசிச் சொட்டுவரை வடித்துவிட்டாள். மற்ற இரண்டு குழாய்களும் காரைத்தூள் படிந்து காய்ந்து கிடந்தன. இந்த மூன்றாவதில் மட்டும், குளிர்ந்த நீர் ஓடிக்கொண்டிருக்கும் குழாயில் படிவதைப்போல, அடிமுதல் நுனிவரை நீர்த்துளிகள் அரும்பியிருந்தன.

துடைத்துப் பார்த்தாள். கொஞ்ச நேரத்தில் மறுபடி வியர்த்தது.

ஜிலினா நகரத் தபால் நிலையத்தில் கடிதம் பிரிக்கும் வேலை அவளுக்கு. விடிவதற்கு முன்பே தொடங்கி மதியத்தோடு முடிந்துவிடும். விவாகரத்துக்குப் பிறகு ஊரின் ஓரத்தில், வாஹ் ஆற்றுக்குச் சற்றுத் தள்ளி இந்த வீட்டை வாங்கினாள். மகள் சிமோனா வியன்னாவில் ஒரு மருத்துவமனையில் வேலை பார்த்தாள். போன கோடையில், போனை வைக்கப்போகும் நேரத்தில், கீழே குளியலறையோடு தனியாக ஓர் இடம் இருந்தால் திரும்பி வந்துவிடலாம் என்று பேச்சோடு பேச்சாகச் சொன்னாள். சொன்னதை அவள் மறந்தேகூடப் போயிருப்பாள். யர்மிலா மறக்கவில்லை. வருகிறேன் என்ற குழாய்க்காரர்கள் இருவரும் வராமல்போக, பிளாஸ்டிக் குழாய்களையும், அவற்றைச் சூடாக்கி ஒட்டும் இயந்திரத்தையும், ஒரு பை நிறைய வளைவு மூட்டுகளையும் மும்முனை மூட்டுகளையும் வாங்கிவந்து, போனில் வீடியோ பார்த்துத் தானே தொடங்கிவிட்டாள். முதல் வாரம் விரல்களில் கொப்புளம். இரண்டாம் வாரம் ஒட்டிய இணைப்பு எதுவும் கசியவில்லை. அதைக் காட்டுவதற்கு வீட்டில் ஆள்தான் இல்லை.

மூன்றாவது குழாயைப் பற்றிப் பக்கத்து வீட்டுக் கொர்னெலிடம் கேட்டாள். ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். வேலிக்கு அந்தப் பக்கம் முட்டைக்கோஸ் வெட்டிக்கொண்டிருந்தார்.

"அது செத்த குழாய்மா. முன்னாடி தோட்டத்துல கிணறு இருந்துச்சு, அதிலேருந்து வந்தது. கிணத்த மூடி எத்தனையோ வருஷமாச்சு. அறுத்துத் தூக்கிப் போடு."

"யாரு மாமா மூடுனது?"

கொர்னெல் கத்தியில் ஒட்டிய இலையை வழித்தார். முன்பு இருந்த குடும்பம் போன பிறகு நகராட்சி ஆட்கள் வந்து மண் கொட்டினார்கள் என்றார். அந்தக் குடும்பம் எங்கே போனது என்று கேட்டதற்கு, அவர்கள் போனதை யாரும் பார்க்கவில்லை, கொடியில் துணி காய்ந்தபடியே இருந்தது என்று மட்டும் சொல்லிவிட்டு, அவளுக்கு ஒரு முட்டைக்கோஸைக் கொடுத்து உள்ளே போய்விட்டார்.

டிசம்பரில் நான்கு மணிக்கே இருட்டிவிடும். நிலவறையின் ஒற்றைச் சன்னல் சாம்பல் நிறமாகி, பிறகு கறுத்துவிடும். அப்படி இருட்டிக்கொண்டு வந்த ஒரு மாலையில், முழங்காலிட்டுக் கழிவுக் குழாயின் மூட்டைத் தளர்த்திக்கொண்டிருந்தபோதுதான் முதல்முறையாக அது கேட்டது. மூன்றாவது குழாய்க்குள், எங்கோ வெகு ஆழத்தில், தூங்கி எழுகிறவர் தொண்டையைச் செருமுவதுபோல ஓர் ஒலி. பிறகு நீர் ஏறும் சத்தம், அவள் காதை ஒட்டி, தோளைத் தாண்டி, கூரைக்குள். உடனே அவள் தலைக்கு நேர் மேலே, சமையலறையில், யாரோ குழாயைத் திறந்ததுபோலத் தொட்டியில் தண்ணீர் கொட்டத் தொடங்கியது. தட்டோடு தட்டு உரசியது. கரண்டி ஒன்று விழுந்தது.

ரெஞ்சைப் பிடித்தபடியே படியேறி ஓடினாள். சமையலறைத் தொட்டி வறண்டிருந்தது. காலையில் அவள் வைத்துவிட்டுப் போன ஒரே கோப்பை அதே இடத்தில், அதன் அடியில் காப்பி காய்ந்து ஒட்டியிருந்தது. வீடு முழுக்க விளக்கைப் போட்டுத் தேடினாள். வெளிக்கதவு உள்பக்கம் பூட்டியபடி இருந்தது.

மறுநாள் மாலையும் கேட்டது. அதற்கு அடுத்த நாளும். முதலில் பாத்திரம் கழுவுவார்கள். அப்புறம் குளியல்தொட்டி நிரம்பும். அதில் ஒரு குழந்தை தண்ணீரை அடித்து விளையாடும். பெண்குரல் ஒன்று மெல்ல அதட்டும், சொல் புரியாது, தொனி மட்டும் பலகைகளின் வழியே கசியும். கடைசியாகக் கனத்த காலடிகள், ஓர் ஆண் கை கழுவும் சத்தம். கெமோமில் பூ சோப்பின் மணமும், புளித்த முட்டைக்கோஸ் சூப்பின் மணமும் சிமெண்டு வாசனைக்கு நடுவே கீழே இறங்கிவரும். மேலே போய்ப் பார்த்தால் ஒன்றும் இருக்காது. பிறகு அவள் மேலே போய்ப் பார்ப்பதையும் விட்டுவிட்டாள்.

பயமாகத்தான் இருந்தது. ஆனால் அந்தப் பயத்தோடு இன்னொன்றும் சேர்ந்துகொண்டதை அவளால் யாரிடமும் சொல்லியிருக்க முடியாது. வேலை முடிந்து பேருந்தில் வரும்போது, இருட்டுவதற்குள் வீடு சேர வேண்டும் என்று அவளுக்குப் பதைப்பாக இருந்தது. ரொட்டியையும் பாலாடைக்கட்டியையும் தட்டில் வைத்துக் கீழே கொண்டுவந்து, கவிழ்த்த வாளியில் உட்கார்ந்து, தலைக்குமேல் ஒரு குடும்பம் சாப்பிட்டு முடிப்பதைக் கேட்டுக்கொண்டே சாப்பிட்டாள். புதுக் குழாய்கள் எல்லாம் பொருத்தியாயிற்று. அந்த ஒன்றை மட்டும் அறுக்காமல், இன்று நாளை என்று தள்ளிக்கொண்டே போனாள்.

வெள்ளிக்கிழமை சிமோனா கூப்பிட்டாள். நாளைக்கு வருவதாகச் சொன்னாள்.

"இடத்தப் பாத்துட்டுச் சொல்றேம்மா. நல்லா இருந்தா பண்டிகைக்கு அப்புறம் வந்துடறேன்."

"முடிஞ்சிடுச்சு. ஒரே ஒரு பழைய குழாய்தான் பாக்கி. இன்னைக்கே எடுத்துடறேன்."

போனை வைத்ததும் அவள் கீழே இறங்கினாள். சன்னல் சாம்பலாகிக்கொண்டிருந்தது. மேலே பாத்திரச் சத்தம் தொடங்கிவிட்டிருந்தது. மன்னிப்புக் கேட்பதுபோலக் குழாயின் மேல் ஒருமுறை கைவைத்தாள். ஈரம். ஐஸைப் போன்ற குளிர். உள்ளே ஓட்டத்தின் அதிர்வு உள்ளங்கையில் துடித்தது. அடியில் வாளியை வைத்து, இரும்பறுக்கும் ஹாக்சா பிளேடை இடுப்புயரத்தில் பதித்து இழுத்தாள். இரும்புத்தூள் உதிர்ந்தது. பாதி அறுந்தபோது தண்ணீர் பீறிடும் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பீறிடவில்லை.

மேலே இன்னோர் இடத்திலும் அறுத்து, நடுத்துண்டை உருவி எடுத்துப் பார்த்தாள். உள்ளே துரு அடைத்திருந்தது. சுண்டுவிரல்கூட நுழையாது. அந்தத் துருவின் மேல் ஒரு சிலந்தி கூடு கட்டி, அதுவும் செத்துக் காய்ந்து கிடந்தது.

மேலே சத்தம் நின்றது.

குழந்தை தண்ணீரை அடித்துக்கொண்டிருந்த சத்தமும் நின்றது. வீடே மூச்சைப் பிடித்துக்கொண்டதுபோல. பிறகு குழாயின் கைப்பிடியைத் திருகும் கிறீச். மூடித் திறந்து, மறுபடி கிறீச். இந்தமுறை பெண்ணின் குரல் தெளிவாகக் கேட்டது, பக்கத்து அறையில் பேசுவதைப்போல.

"தண்ணி வரல."

நாற்காலி நகர்ந்தது. கனத்த காலடிகள் சமையலறையைக் கடந்து, கூடத்தைக் கடந்து வந்தன. படிக்கட்டின் உச்சியில் நின்றன. தண்ணீர் நின்றுபோனால் யாராக இருந்தாலும் கீழேதானே வந்து பார்ப்பார்கள். இது ஏன் தனக்கு முன்பே தோன்றவில்லை என்று யர்மிலா நினைத்தாள்.

கதவு திறந்தது.

யாரும் இல்லை. ஆனால் மேல்படியில் ஈரம். ஒரு பெரிய பாதத்தின் ஈரம். அடுத்த படியில் இன்னொன்று. அதன் பின்னால் ஒல்லியான பாதங்கள், விரல் நுனிகளில் நடந்தவை. அவற்றுக்குப் பின்னால், ஒரு படிக்கு இரண்டு இரண்டாக, மிகச் சிறியவை. காரைத்தூள் படிந்த தரையில் அவை கறுப்பாகப் பதிந்து பதிந்து வந்தன. அறுத்த குழாயின் முன்னால் நின்றன. பிறகு, எல்லாமாக ஒரே நேரத்தில், அவள் பக்கம் திரும்பின.

கிணற்றின் வாடை. பாசி. ஊறிய மண்.

"இதோ," என்றாள். "இதோ, இப்ப மாட்டிடறேன்."

கருவிகளோடு கிடந்த ரப்பர் குழாய்த் துண்டை எடுத்தாள். நழுவியது. மறுபடி எடுத்தாள். கீழ்முனையில் சொருகி, இறுக்கிப் பிடிக்கும் கிளாம்ப் வளையத்தைத் திருகி, மேல்முனையில் சொருகினாள். முதுகுக்குப் பின்னால் மூச்சு கேட்டது, தண்ணீருக்குள்ளிருந்து விடும் மூச்சு. ஸ்க்ரூடிரைவர் வழுக்கி உள்ளங்கையைக் கிழித்தது. அவளுக்கு வலி தெரியவில்லை. இரண்டாவது கிளாம்ப். திருகு. இன்னும் ஒரு திருகு.

ஆழத்தில் ஏதோ செருமியது. ரப்பர் புடைத்தது. நீர் ஏறியது.

மேலே தொட்டியில் தண்ணீர் விழுந்தது.

பெரிய பாதங்கள் திரும்பின. படியேறின. ஒல்லியான பாதங்கள் கொஞ்சம் தயங்கி, பின்தொடர்ந்தன. அவள் கண்களை மூடித் திறந்தாள். மேலே கதவு சாத்திக்கொண்டது. தாழ்ப்பாள் விழுந்தது. அந்தக் கதவுக்கு வெளிப்பக்கம் தாழ்ப்பாளே கிடையாது.

கீழே இன்னும் ஒரு ஜோடி நின்றிருந்தது. மிகச் சிறியது. அவளுடைய செருப்புக்குப் பக்கத்தில், அவளை ஒட்டி. அதிலிருந்து ஈரம் பரவிக்கொண்டே இருந்தது.

மேலே பெண்குரல் அழைக்கவில்லை. யாரும் இறங்கி வரவில்லை. பாத்திரங்கள் மட்டும் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டன.

விளக்கு அணைந்தது.

அவளுடைய கைக்குள் ஒரு கை நுழைந்தது. சின்னது. நெடுநேரம் தண்ணீரில் கிடந்து சுருங்கிய விரல்கள். யர்மிலாவின் கையை யாரும் பிடித்து எத்தனையோ காலம் ஆகியிருந்தது. தன் விரல்கள் தாமாகவே மூடிக்கொள்வதை அவள் உணர்ந்தாள்.

அந்தக் கை அவளை மெதுவாக இழுத்தது. படிக்கட்டுப் பக்கம் அல்ல. குழாய் தரைக்குள் இறங்கும் மூலையை நோக்கி. அங்கே, சிமெண்டு இருந்திருக்க வேண்டிய இடத்தில், அவளுடைய முன்பாதத்துக்குக் கீழே ஒன்றும் இல்லை. வெகு கீழே தண்ணீர் அலைந்துகொண்டிருந்தது.