கணினிக்குள் இரண்டு அடுப்படி

மஞ்சக்குப்பத்தில் மரிய ஜோசப் வீட்டுக்கு வாசல் ஒன்று, அடுப்படி இரண்டு. அண்ணன் குடும்பத்துக்கு ஒன்று, தம்பி குடும்பத்துக்கு ஒன்று. உடனே சண்டை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். அந்த வீட்டுக் குரல் ஒருநாளும் தெருவுக்குக் கேட்டதில்லை. ஆள் பெருகியது, அடுப்பும் பெருகியது. அவ்வளவுதான்.

ஆறாம் வகுப்புப் படிக்கும் ரெபேக்கா, தம்பியின் மகள். மரிய ஜோசப் அவளுக்குப் பெரியப்பா. சொன்ன சொல் மாறாதவர். "லீவுல எங்க ஜெகன் பங்குப் பிள்ளைங்களுக்குக் கம்ப்யூட்டர் வகுப்பு எடுப்பான்" என்று மாதா கோயிலில் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார். ஜெகன் அவருடைய மகன், சிதம்பரத்தில் கல்லூரியில் படிக்கிறான்.

'முதலில் ஒன்று செய்து காட்டட்டும்' என்று சொல்லியிருந்த கோயிலின் பங்குச் சாமியார் அன்று மாலை வருவதாக இருந்தது. அந்த வகுப்பில் சேர ரெபேக்காவுக்குக் கொள்ளை ஆசை.

ஜெகன் கூடத்துக் கணினியில் நோட்புக்கைத் திறந்தான். அது காகித நோட்டு இல்லை. கட்டத்தில் கட்டளையை எழுதி இயக்கினால் விடை கீழேயே வரும். கடலூரின் மாதவாரி மழையை வரைபடமாக்கும் கட்டளைகளைப் பைத்தான் என்ற கணினி மொழியில் அவன் எழுதி வைத்திருந்தான். சிதம்பரத்தில் நன்றாக ஓடிய அது, இங்கே சிவப்பு எழுத்தாகக் கொட்டியது.

"என்னண்ணா சொல்லுது?"

"மேட்பிளாட்லிப் இல்லங்குது. படம் வரையற கட்டளைத் தொகுப்பு, லைப்ரரிம்பாங்க."

"அப்ப போடுண்ணா."

"போட்டாச்சு ரெபே, இங்க பாரு!" கணினிக்கு நேரடியாகக் கட்டளையிடும் கறுப்புத் திரையைத் திறந்து, லைப்ரரியை வரவழைக்கும் கட்டளையைத் தட்டினான். 'ஏற்கெனவே இருக்கிறது' என்றது அது. நோட்புக்கை மறுபடி இயக்கினான். 'இல்லை' என்றது இது.

"ரெண்டுல ஒண்ணு பொய் சொல்லுது." ஜெகனுக்குக் காது சிவந்துவிட்டது. "அப்பா பேச்சு கெட்டுப்போயிடும். நான் சிதம்பரத்துக்கே பஸ் ஏறிடறேன்."

"ஏறு. அடுத்த பஸ்லயே பெரியப்பா வருவாரு."

அடுப்படியிலிருந்து அம்மா குரல் கொடுத்தாள். "ரெபேக்கா! கடைக்காரப் பையன் சக்கரை குடுத்துட்டேங்கிறான். இங்க டப்பா காலியா கெடக்கு. சாமிக்கு டீ போட வேணாமா?"

"சத்தியமா குடுத்தேங்க்கா!" என்று போனில் அவன் கதறுவது கேட்டது.

ரெபேக்கா நேரே பெரியம்மா அடுப்படிக்கு ஓடினாள். சர்க்கரைப் பை அங்கே சமர்த்தாக உட்கார்ந்திருந்தது. எடுத்து வந்து அம்மாவிடம் கொடுத்தவள், சட்டென்று நின்றாள். கூடத்துக்குப் பாய்ந்தாள்.

"அண்ணா, ரெண்டுமே பொய் சொல்லல! இந்தக் கம்ப்யூட்டர்ல எத்தன பைத்தான் இருக்கு?"

"ஒண்ணுதான். இல்ல, இரு... போன வருசம் கம்ப்யூட்டர் சரிபண்ண வந்த ராபர்ட் மாமா ஒண்ணு போட்டாரு. காலைல நோட்புக்கோட சேத்து நான் ஒண்ணு போட்டேன்."

"பாத்தியா? கடைக்காரப் பையன் மாதிரி நீயும் பெரியம்மா அடுப்படியில குடுத்துட்டு, எங்கம்மா அடுப்படியில தேடுற!"

ஜெகன் வாய் பிளந்தான். 'நீ எந்தப் பைத்தான்?' என்று கறுப்புத் திரையிலும் நோட்புக்கிலும் கேட்டுப் பார்த்தான். இரண்டும் கணினிக்குள் வேறு வேறு முகவரியைச் சொல்லின.

"அப்ப நோட்புக் உள்ளேருந்தே கேளுண்ணா. லைப்ரரி அதோட அடுப்படிக்கே வந்துடும்."

நோட்புக்கின் கட்டத்திலேயே லைப்ரரியை வரவழைக்கும் கட்டளையை எழுதினான். எழுத்துகள் வரிசையாக ஓடி நின்றன. நோட்புக்கை ஒருமுறை நிறுத்தித் தொடங்கினான். வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது.

"வாங்க சாமி, வாங்க!" பெரியப்பாவின் குரல்.

ஜெகனின் விரல் பொத்தான்மேல் நின்றது. ரெபேக்கா தன் கையை அதன்மேல் வைத்தாள். "அமுக்குண்ணா."

திரையில் நீலத் தூண்கள் எழுந்தன. நவம்பர் தூண் எல்லாவற்றையும் விட உயரமாக நின்றது.

"அட, நம்ம ஊரு நவம்பரேதான்!" என்று சாமியார் சிரித்தார்.

அதற்குள் ரெபேக்கா ஓசைப்படாமல் கதவோரம் ஒதுங்கியிருந்தாள். பாராட்டு முழுவதும் அண்ணனுக்கே போகட்டும் என்பது அவள் எண்ணம். ஜெகன் திரும்பி அவளைத் தேடினான்.

"சாமி, கொஞ்சம் முன்னால வரைக்கும் இது ஓடல. தப்பு எங்கன்னு கண்டுபிடிச்சது எங்க ரெபேக்காதான்."

பெரியப்பா முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. 'பெரியப்பா பேச்சு கெட்டுவிடுமே, இந்த அண்ணன் இதைச் சொல்லாமல் இருந்திருக்கலாமே' என்று ரெபேக்கா நினைத்தாள்.

பெரியப்பா தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"சாமி, வகுப்புக்கு வாத்தியாரு ரெண்டு பேரு" என்றார். "அடுத்த ஞாயித்துக்கிழமை கோயில்ல நானே சொல்லிடறேன்."

பிறகு இன்னொரு நாற்காலியைத் தானே தூக்கிவந்து, ஜெகனின் பக்கத்தில் போட்டார்.