பட்டுப்பாவாடையின் எடை

எடை மேடையின் முள் நடுங்கி நின்றது. அதிகாரி சாமுவேல் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

"இந்தப் பொண்ணும் இளைச்சிருக்கா, டீச்சர்!"

மேடையில் நின்ற நீலாம்பாளுக்குச் சுருக்கென்றது. மூன்று மாதங்களாக மதிய மணி அடித்ததும் ஒரு குவளை பவுடர் பால் குடித்தவள் அவள். இளைப்பதாவது!

காஞ்சிபுரத்தின் அந்தப் பெண்கள் பள்ளியில், ஐந்தாம் வகுப்பு 'அ' பிரிவுக்கு மட்டுமே பால் தரப்பட்டது. 'ஆ' பிரிவுக்கு இல்லை. இரு பிரிவையும் முதலிலும் முடிவிலும் எடை போட வேண்டும். பால் குடித்தவர்கள் கூடுதலாகத் தேறியிருந்தால், பள்ளி முழுவதற்கும் பால் கிடைக்கும். இதுவே ஏற்பாடு.

ஆனால் 'ஆ' பிரிவு தேறியிருந்தது. 'அ' பிரிவு இளைத்திருந்தது!

"பாலால பயனில்லைன்னு எழுதிட வேண்டியதுதான். நாளையிலேருந்து பால் கிடையாது" என்றார் சாமுவேல்.

நீலாம்பாள் பக்கத்தில் நின்ற கிருஷ்ணவேணியைப் பார்த்தாள். காலையில் வெறும் வயிற்றோடு பள்ளிக்கு வருபவள் அவள். அந்தக் குவளைப் பால்தான் அவளுக்கு அன்றைய முதல் ஆகாரம்.

"நான் மட்டும் எடை ஏறியிருக்கேன்னு சொல்றாரு. நான் மட்டும் எப்படிடீ ஏறினேன்?" என்று கிருஷ்ணவேணி கிசுகிசுத்தாள்.

அவள் மட்டும்! நீலாம்பாளுக்கு முதல் எடை நாள் நினைவுக்கு வந்தது.

அன்று போட்டோ எடுக்க ஆள் வந்திருந்தார். 'அ' பிரிவுப் பெண்கள் அனைவரும் கனத்த சரிகைக்கரை வைத்த பட்டுப்பாவாடையும் வெள்ளிக் கொலுசுமாக வந்திருந்தார்கள். கிருஷ்ணவேணியின் அப்பா நாளெல்லாம் பட்டு நெய்தாலும், வீட்டில் அவளுக்கென்று ஒரு பட்டு இல்லை. மலிவான சீட்டித் துணிப் பாவாடையில் வந்த அவளைக் கடைசி வரிசையில் நிறுத்தினார்கள். 'ஆ' பிரிவுக்கு எடை போட்டது மறுநாள், சாதாரண உடையில். இன்றோ எல்லோருமே சீட்டிப் பாவாடையில்!

"சார், நாங்க யாரும் இளைக்கல சார்."

"முள்ளு பொய் சொல்லுமா, பாப்பா?"

"முள்ளு சொல்லாது சார். அன்னிக்கு நாங்க கட்டிக்கினு வந்த பட்டுதான் பொய் சொல்லுது."

வகுப்பு கொல்லென்று சிரித்தது.

"நீலா! பெரியவங்களை எதிர்த்துப் பேசாதே. உட்காரு" என்று அதட்டினார் ரேணுகாம்பாள் டீச்சர்.

"மன்னிச்சுக்கோங்க டீச்சர். ஆனா உட்கார மாட்டேன்." நின்ற இடத்திலேயே நின்றாள். "எங்க வூடு அடுத்த தெருவுலதான் இருக்குது சார். பட்டை எடுத்துக்கினு வரேன். இன்னொரு தபா எடை போடுங்க."

சாமுவேல் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு அவள் முகத்தைப் பார்த்தார். "சரி, ஓடு" என்றார்.

வீட்டில் அலமாரியைக் குடைந்தவளிடம் அம்மா, "யாருக்குடி கல்யாணம்?" என்று கேட்டாள்.

"பாலுக்கும்மா!" என்று கத்திவிட்டு ஓடினாள் நீலாம்பாள்.

பள்ளிக்குத் திரும்பி உடை மாற்றி, பட்டும் கொலுசுமாக மேடையில் ஏறினாள். முள் நின்ற இடத்தைச் சாமுவேல் குறித்துக்கொண்டார். அடுத்த அறைக்குச் சென்று சீட்டிப் பாவாடைக்கு மாறி வந்து மீண்டும் ஏறினாள். முள் சரேலென்று இறங்கி நின்றது.

"துணி மாத்தற நேரத்துல நான் இளைச்சிட்டேனா சார்?"

இந்த முறை சிரித்தவர் சாமுவேல்தான். "தப்பு என்னோடது, பாப்பா. போட்டோ அவசரத்துல துணியைக் கவனிக்கல. ஆனா, பாலால நீங்க தேறினீங்களான்னு இன்னும் தெரியலையே?"

"தெரியாதுதான் சார். தெரியாம எப்படி வேணாம்னு எழுதுவீங்க? முதல்லேருந்து பாருங்க. ரெண்டு பிரிவும் ஒரே நாள், ஒரே மாதிரி துணி."

அவர் எழுதத் தொடங்கியிருந்ததை அடித்துவிட்டு, அன்றைய எடையையே முதல் எடையாகக் குறித்துக்கொண்டார். பால் தொடர்ந்தது.

மூன்று மாதம் கழித்து, அடுத்த எடை நாளில் எல்லோரும் சீட்டிப் பாவாடையில் வந்தார்கள். இரு பிரிவும் தேறியிருந்தன. 'அ' பிரிவு கூடுதலாகவே தேறியிருந்தது. பள்ளி முழுவதற்கும் பால் வந்தது. போட்டோக்காரரும் வந்தார்.

வழக்கம்போல் பின்வரிசைக்கு நடந்த கிருஷ்ணவேணியை நீலாம்பாள் பிடித்து இழுத்தாள்.

"முன்னாடி நில்லுடி! அன்னிக்குச் சரியான எடை காட்டினவ நீ ஒருத்திதான்."

அந்தப் போட்டோவில், முன்வரிசையின் நடுவில், பால்மீசையைத் துடைக்க மறந்து ஒரு பெண் சிரித்துக்கொண்டிருக்கிறாள்.