ஏழாம் கட்டிலில் யாரும் படுப்பதில்லை

1979 பங்குனியில் ஒரு திங்கட்கிழமை, சங்கரலிங்கம் ஆறு மணிக்கு எழுந்தான். பல் விளக்கினான். ஸ்டவ்வைப் பற்றவைத்து சாயா போட்டுக் குடித்தான். சட்டைக்கு இஸ்திரி போட்டான். மட்டாஞ்சேரி பஜாரின் மிளகு நெடிக்குள் நடந்து, எட்டரைக்கு ஆசுபத்திரி போய்ச் சேர்ந்தான். கையெழுத்துப் போட வரச் சொல்லியிருந்தார்கள்.

பதினோரு நாளைக்கு முன் அவன் மனைவி மாயம்மாள் அங்கேதான் செத்தாள். சொத்தைப் பல்லில் தொடங்கிய வீக்கம் தாடைக்கு அடியில் இறங்கித் தொண்டையை அடைத்திருந்தது. மல்லாக்கக் கிடத்தி, விளக்கு வைத்த இரும்புக் கருவியை வாய்க்குள் விட்டு, மூச்சுக்குழாய் இறக்கப் பார்த்தார்கள். மூன்று தடவை. குழாய் இறங்கவில்லை, ரத்தம்தான் வந்தது. கழுத்தைத் திறக்கும் கத்தி பூட்டிய அலமாரியில். சாவி யாரிடம் என்று தேடி முடிப்பதற்குள் அவள் நீலம் பாரித்துவிட்டாள்.

அவன் புகார் எழுதி, பெயருக்குப் பின்னால் பீ.ஏ. என்றும் போட்டிருந்தான். ஆசுபத்திரி பதில் எழுதியது: 'கொண்டுவந்தபோதே நினைவில்லை.'

"இவிடே ஒரு ஒப்பு. தீர்ந்நு," என்று டாக்டர், அந்தப் பதிலை ஏற்றுக் கையெழுத்திட வேண்டிய காகிதத்தை நகர்த்தினார்.

"அவ பேசினா, டாக்டர்."

"போதமில்லாத ஆள் எங்ஙனெ பேசும்? பீ.ஏ.வுக்கு அதையா படிப்பிச்சது?"

சங்கரலிங்கம் காகிதத்தைத் திருப்பி நகர்த்தினான். பேனாவைத் தொடவில்லை.

நர்ஸ் ஓமனா வாசலில் நின்றாள். "சாரே... ஏழாம் கட்டில். பின்னெயும்."

அது மாயம்மாள் செத்த கட்டில். டாக்டர் வார்டுக்கு விரைந்தார்; சங்கரலிங்கமும் பின்னால் போனான். லாரியிலிருந்து விழுந்து மூன்று நாளாக நினைவில்லாமல் கிடந்த சுமைக்காரர் முகமது இஸ்மாயில், மலையாளம் தவிர வேறு பேச்சு அறியாதவர், அதில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். கண் மூடியிருந்தது.

"ஆரு பிடிச்சு இருத்தியது?" என்று டாக்டர் கேட்டார்.

"ஆருமில்லா சாரே. அந்தச் சேச்சி போனதுக்குப் பின்னெ இதில் ஆரும் கிடக்கிறதில்லா. கிடத்தினா எழுந்திரிக்கும்."

டாக்டர் அவரை அழுத்திக் கிடத்தினார். கையை எடுத்தார்.

முதுகு எழுந்தது.

மறுபடி அழுத்தினார்.

எழுந்தது.

ஜன்னலில் நல்ல வெயில். வார்டில் பல் சீழின் நாற்றம் பரவியது. அன்று ஆட்டோவில் மாயம்மாளின் வாயில் வீசிய அதே நாற்றம். எங்கிருந்தோ ஒரு மூச்சு, துருப்பிடித்த கப்பியில் கயிறு இழுப்பதுபோல்.

"பிடிக்கெடோ!" டாக்டர் சங்கரலிங்கத்தைப் பார்த்துக் கத்தினார்.

அன்றும் இதைத்தான் கத்தினார். படித்தவர் சொன்னால் சரியாக இருக்கும் என்று நம்பி, அவன்தான் இரண்டு கையாலும் அவள் தோளை அழுத்தினான். அதைப் புகாரில் எழுதவில்லை. அப்போது அவள் சொன்னதையும் யாரிடமும் சொல்லவில்லை.

இன்று கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

இஸ்மாயிலின் வாய் திறந்தது. சோறு அடைத்த வாயோடு பேசும் பெண் குரல். அன்று அவள் சொன்னதில் ஓர் எழுத்தும் மாறவில்லை.

"நீங்களாவது தோளை விடுங்க. உக்காந்தாத்தான் மூச்சு வருது."