அனுப்புநரும் பெறுநரும்

பத்து நாட்களாக ஒரு பெட்டிகூடத் திரும்பி வரவில்லை.

இணையத்தில் கடை போட்டு, பொருள் கைக்கு வந்த பிறகு காசு கொடுத்தால் போதும் என்று விற்கிறவர்களுக்கு அப்படி நடப்பதில்லை. பத்து பெட்டி அனுப்பினால் இரண்டு பெட்டியாவது திரும்பும். வீடு பூட்டியிருக்கும், வாங்கியவருக்கு மனசு மாறியிருக்கும், அல்லது குழந்தை விளையாட்டாகப் பொத்தானை அழுத்தியிருக்கும். அதனால் அனுப்புவதற்கு முன்பு ஒவ்வொருவரையும் போனில் கூப்பிட்டு உறுதி செய்துகொள்ள வேண்டும். அது அஸ்வதியின் வேலை. அவள் போன ஏழு மாதத்தில் அவள் கணவன் உமாசங்கர் யாரையும் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் பேச வேண்டும். பெட்டிகள் கொத்துக்கொத்தாகத் திரும்பி வந்து முன்னறையில் அடைந்தன. இப்போது திடீரென்று நின்றுவிட்டன.

கரமனையில் அந்த மாடிவீட்டின் முன்னறைதான் கடை. ஜூலை மழையில் சுவர்கள் ஊறி, உருக்கிய மெழுகின் வெதுவெதுப்பும் அட்டைப்பெட்டிகளின் ஈர வாடையும், அலமாரியில் வரிசையாக நின்ற கண்ணாடிக் குப்பிகளின் மூடிகளுக்குள்ளிருந்து கசியும் வாசனை எண்ணெய்களின் மணமும் ஒன்றோடொன்று கலந்து, துணியில் ஏறி, சோற்றில் ஏறி, தூங்கி எழுந்தால் நாக்கிலும் இருந்தன. மூன்று வகை மெழுகுவத்திகள். பொன்முடி என்றால் எலுமிச்சைப்புல். விழிஞ்ஞம் என்றால் உப்புக்காற்று. கல்லாறு என்றால் நனைந்த பாறையும் பாசியும். பெயரும் வாசனையும் அஸ்வதி யோசித்தவை. டெக்னோபார்க்கில் பார்த்த கணினி வேலையை விட்டுவிட்டு உமாசங்கர் அவளோடு சேர்ந்துகொண்டான்.

கல்லாறு வத்திக்கு விளம்பரம் எடுக்க அந்த ஆற்றுக்கே போன அன்றுதான் அவள் போனாள். பாறைமேல் நின்று, மெழுகுவத்தியை நெஞ்சுக்கு நேரே பிடித்துச் சிரித்தாள். "இன்னும் ஒரு எட்டு பின்னால போ" என்றான் உமாசங்கர், கேமராவைப் பார்த்தபடி. பதினொரு விநாடி ஓடும் காட்சி அது. அதை ஒன்பதாவது விநாடியில் வெட்டி, விளம்பரமாக ஓட்டிக்கொண்டிருந்தான். மற்ற விளம்பரங்கள் விற்கவில்லை. இது விற்றது.

திரும்பி வராத பெட்டிகளின் பட்டியலில் முதல் பெயர் நாகர்கோவில் உலகம்மை. அவன் கூப்பிட்டான்.

"சாமான் வந்துட்டு தம்பி. நல்ல மணம். அந்தப் பிள்ளைதான் முன்னாலயே கூப்பிட்டு எல்லாம் கேட்டுதே."

"எந்தப் பிள்ளை?"

"உங்க கடைப் பிள்ளைதான். தன்மையாப் பேசுச்சு. ஆத்தங்கரையில நின்னு பேசுச்சோ என்னமோ, பாதிப் பேச்சு தண்ணிச் சத்தத்துல போச்சு."

எந்த எண்ணிலிருந்து என்று கேட்டான். அந்த அம்மாள் தேடிப்பிடித்து ஒவ்வோர் இலக்கமாக வாசித்தாள். ஐந்தாவது இலக்கத்திலேயே அவனுக்குத் தெரிந்துவிட்டது. அந்த போன் அஸ்வதியின் சுடிதார்ப் பையில் இருந்தது. அவள் உடலைத் திருப்பித் தந்த ஆறு, போனைத் தரவில்லை.

பயப்பட வேண்டும் என்று அவனுக்குத் தெரிந்தது. கூப்பிடட்டும் என்று நினைத்தான். எனக்கு வேலை மிச்சம். அன்று சாயங்காலமே விளம்பரத்தை இரண்டு மடங்காக்கினான்.

மறுநாள் வந்த ஆர்டர்களில் ஒன்று உமாசங்கர் பெயரில் இருந்தது. கரமனை முகவரி. ஒரு கல்லாறு. 'உறுதி செய்யப்பட்டது' என்ற கட்டத்தில் டிக் விழுந்திருந்தது. அவன் அதை ரத்து செய்தான். அதற்காகப் பெட்டி எதையும் கட்டவும் இல்லை.

மூன்றாம் நாள் கொரியர்க்காரன் மஹேஷ் படியேறி வந்தான். சாலைக் கடைத்தெருவில் பிறந்து வளர்ந்த பையன், தமிழும் மலையாளமும் ஒரே மூச்சில் வரும். கையில் ஒரு சின்னப் பெட்டி.

"அண்ணே, இது எந்தா ஏற்பாடு? அயக்கிறதும் நீங்க, வாங்குறதும் நீங்க. தலைக்கு வட்டு பிடிச்சுதோ?"

"நான் அனுப்பலை."

"லேபிள்ல உங்க கடைப் பேருல்லா கெடக்கு. நானூத்தி இருபது கிராம்."

"எனக்கு வேண்டாம். திருப்பி அனுப்பு."

மஹேஷ் சிரித்தான். "எங்க திருப்ப? வாங்குறவர் எடுக்கலைன்னா அனுப்புனவருக்குப் போகும். அனுப்புனவர் நீங்களாக்கும். நாளைக்கு இதே படி ஏறி நான்தான் கொண்டு வரணும், கேட்டோ."

"கொண்டு வா. நாளைக்கும் எடுக்க மாட்டேன்."

பெட்டி போயிற்று. அது கீழிறங்கும் வரை அவன் படியருகே நின்றான். படிகளில் ஒன்றுவிட்டு ஒன்றில், காசளவு ஈரம்.

மறுநாள் மஹேஷ் அதை இரண்டு கைகளாலும் அணைத்துக்கொண்டு வந்தான். பெட்டி வேறு. அடி நனைந்து பிய்ந்துவிட்டதால் கிடங்கில் பெரிய பெட்டிக்குள் மாற்றிக் கட்டினார்களாம். உமாசங்கரின் போனில் செய்தி வந்தது: எடை வேறுபாடு, ஆறு கிலோ.

"மெழுகுவத்தி தானே அண்ணே?"

"திருப்பி எடுத்துட்டுப் போ."

"எத்தனை தடவை?"

"நீ சலிக்கிற வரைக்கும். எனக்குச் சலிக்காது."

மஹேஷ் தோளை மாற்றும்போது உள்ளே ஒரு குமிழி உடைந்தது. கண்ணாடி உடையாமலிருக்கச் சுற்றும் பபிள் ராப்பைக் குழந்தைகள் விரலால் நசுக்குவார்களே, அந்தச் சத்தம். பட். பிறகு இன்னொன்று. மஹேஷ் பெட்டியை ஆட்டவில்லை. அப்படியே நின்று அதைப் பார்த்தான். அன்று அவன் சிரிக்கவில்லை.

அன்று மாமியார் செண்பகவல்லி நாகர்கோவிலிலிருந்து கூப்பிட்டாள்.

"மருமகனே, அந்த வீடியோவ எடுத்துக் களைங்க."

"முடியாது அத்தை."

"ஏழு மாசமா எம் மக அந்தப் பாறையில நின்னுக்கிட்டே இருக்கா. பாக்கிற சனமெல்லாம் அவ சிரிக்கான்னு சொல்லுது. பின்னால என்ன இருக்குன்னு உங்களுக்கும் எனக்கும் தெரியும். இறக்கி விடுங்க அவள."

"அதை எடுத்தா கடை போயிரும்."

"போனாப் போவட்டுமே."

அவன் போனை வைத்தான். கடை நடக்கிறவரை அஸ்வதி தொடங்கிய ஒன்று நடந்துகொண்டிருக்கும். அது நின்றால் அவள் வெறுமனே செத்தவள். யார் கேட்டாலும் விடுவதாக இல்லை. அத்தை கேட்டாலும். அந்தப் போனிலிருந்து பேசுகிறது எதுவோ, அது கேட்டாலும்.

அடுத்த நாள் மழை விடவேயில்லை. நான்கு மணிக்கே தெரு இருண்டு, கரண்ட் போய், பக்கத்து வீட்டுத் தகரத்தில் விழும் நீரின் இரைச்சலுக்கு அடியில் வேறொரு இரைச்சல், தொலைவில் பாறைகளுக்கிடையே ஆறு நுழைந்து போவது போல, சுவருக்குள்ளிருந்து வந்துகொண்டிருந்தது. உமாசங்கர் கதவைத் தாழிட்டு, மேல்தாழும் போட்டு, அதன்மேல் கை வைத்து நின்றான்.

படியில் சத்தம். ஒரு ஆள் இல்லை. இரண்டு பேர், மூச்சு வாங்கி, ஒரு படிக்கு ஒரு தடவை நின்று, கனத்ததை இறக்கி, மறுபடி தூக்கி.

"அண்ணே." மஹேஷின் குரல், கதவுக்கு மிக அருகில். "ஓடிபி சொல்லுங்க."

"மாட்டேன்."

"ஐம்பத்தொண்ணு கிலோ அண்ணே. கிடங்குல யாரும் இதத் தொட மாட்டேங்காங்க. சொல்லிருங்க. தயவுசெஞ்சு."

ஐம்பத்தொன்று. அந்த எண்ணை அவன் ஒரு தாளில் பார்த்திருக்கிறான். பிணவறையில் கையெழுத்துப் போட்ட தாள்.

"கீழே கொண்டு போ, மஹேஷ்."

"ஐயோ, அசையுது." அது மஹேஷ் அவனிடம் சொன்னது இல்லை.

ஏதோ தொப்பென்று விழுந்தது. இரண்டு பேர் ஓடினார்கள். படி, படி, தெரு. பிறகு மழை மட்டும்.

அவன் கதவைத் திறக்கவில்லை. ஓடிபி எண்ணையும் சொல்லவில்லை. தாழில் கை அப்படியே இருந்தது. போன் ஒளிர்ந்தது.

வழங்கப்பட்டது. பெற்றுக்கொண்டவர்: மனைவி.

கல்லாறு மணத்தது. குப்பியின் மணம் இல்லை அது. பாறை, பாசி, அதற்கடியில் சேறு. சேற்றுக்கடியில் இன்னொன்று. எந்த எண்ணெயிலும் சேர்க்காத ஒன்று.

முதுகுக்குப் பின்னால். பட்.

மேல்தாழ் போட்டபடியே இருந்தது. கீழ்த்தாழும்.

பட். பட்.

திரும்பினான்.

முன்னறையின் நடுவில் பெட்டி. இடுப்பளவு உயரம். அட்டை ஊறிக் கறுத்திருந்தது. மேல்மடல்கள் நான்கும் விரிந்து நின்றன. உள்ளே பபிள் ராப், சுற்றுச்சுற்றாக, முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்த ஓர் ஆளின் அளவுக்கு. குமிழிகளில் காற்று இல்லை. தண்ணீர். தலை இருக்க வேண்டிய இடத்தில், வாய் இருக்க வேண்டிய இடத்தில், ஒவ்வொன்றாக உடைந்தன.

பெட்டியை நோக்கி ஓர் எட்டு வைத்தான்.

"கடையை மூட மாட்டேன்" என்றான். "விளம்பரத்தையும் எடுக்க மாட்டேன். கேக்குதா? இது என் கடை. நீ திரும்பிப் போ."

குமிழிகள் உடைவது நின்றது.

மேசையிலிருந்து டேப்பை எடுத்தான். மடல்களை இழுத்து மூடினான். குளிர்ச்சி. கை ஒட்டும் குளிர்ச்சி. முழங்காலால் அழுத்திக்கொண்டு டேப்பை இழுத்தான். ஈரத்தில் ஒட்டவில்லை. பிய்த்தான். மறுபடி இழுத்தான். நுனி எழும்பி நின்றது. மறுபடி. ஒரு கை மடலில், ஒரு கை உருளையில், நுனியைப் பிடிக்க மூன்றாவது கை இல்லை.

மடல்களின் இடுக்கு விரிந்தது.

ஒரு கட்டைவிரல் வந்தது. வெளுத்து, ஊறி, சுருங்கிய கட்டைவிரல். டேப்பின் நுனியைப் பிடித்தது. அவசரமில்லாமல் அவன் மணிக்கட்டுக்கு மேலாகக் கொண்டு போய், அட்டையோடு சேர்த்து ஒட்டி, ஒரு சுருக்கம்கூட இல்லாமல் நீவிவிட்டது. பிறகு, அடுத்த சுற்றுக்காக, இழுத்தது.