களையப்படாத பெயர்

ஞாயிறு காலை ஆலய வாசலில் ரூபாவதி இடது கையை நீட்டினாள். கதவோரக் கருவி அவள் மணிக்கட்டிலிருந்த செவிக்காப்பைப் படித்துப் பச்சை விளக்கைக் காட்டியது. சொல்லக்கூடாததை இந்த வாரமும் அவள் சொல்லியிருக்கவில்லை.

"வாங்கக்கா" என்று மாசாணம் நகர்ந்து இடம் விட்டான். மின்விசிறியை அவள் பக்கம் திருப்பினான். ஆறு மாதமாக அவன் இப்படித்தான். தன் அருகில் உட்கார்ந்திருப்பவள் யாரென்று அவனுக்குத் தெரியாது.

அவன் யாரென்று அவளுக்குத் தெரியும்.

நினைவுக்களைவுச் சட்டம் வந்த பிறகு சிறைகள் இல்லை. குற்றவாளியின் மூளையிலிருந்து குற்றத்தைக் களைந்து, வேறு ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். பாதிக்கப்பட்டவர்களையும் ஊர் மாற்றிக் கையில் செவிக்காப்பை மாட்டிவிடுவார்கள். அது கேட்டுக்கொண்டே இருக்கும். நடந்ததைச் சொன்னால், சொன்னவரின் மூளையிலிருந்து குற்றம் மட்டுமல்ல, அதோடு தொடர்புள்ள ஆட்களின் நினைவும் போய்விடும். ஒரு மூளையை ஒருமுறைதான் களைய முடியும். மறுமுறை அது தாங்காது. ஏதோ பதிவுப் பிழையில் ரூபாவதியும் மாசாணமும் ஒரே ஊருக்கு வந்து சேர்ந்திருந்தார்கள்.

ஆராதனை முடிந்ததும் மாசாணம் தயங்கித் தயங்கி வந்தான்.

"அக்கா, அடுத்த வாரம் எனக்கு ஞானஸ்நானம். சாட்சியா நீங்க நிக்கணும்."

"நானா?"

"வேற யாரு இருக்கா எனக்கு? ஆயரம்மா பாவ அறிக்கை கேக்காங்க. நான் களைவு ஆன ஆளுன்னு மட்டும் தெரியும். என்ன செஞ்சேன்னே தெரியாம எப்படிக்கா மன்னிப்பு கேக்கது?"

அந்த வாரம் முழுக்க ரூபாவதி அதையே யோசித்தாள். வாய் திறக்காவிட்டால் அவன் தண்ணீரில் மூழ்கிச் சுத்தமாக எழுந்து போவான். அந்த மன்னிப்பில் தன் மகள் எங்கே இருப்பாள்? திறந்தால், மகளே தன் நினைவில் இருக்க மாட்டாள்.

ஆற்றுக்கு மூன்று பேர்தான் வந்திருந்தார்கள். இடுப்பளவு தண்ணீரில் மாசாணத்தோடு நின்ற ஆயர் லிடியா கரையிலிருந்த அவளைப் பார்த்துக் கேட்டார்: "சாட்சி சொல்லுங்க. இவர் தம் பாவத்தை உணர்ந்து மனந்திரும்பினாரா?"

"இல்லை" என்றாள் ரூபாவதி.

செவிக்காப்பு எச்சரிக்கையாக ஒருமுறை அதிர்ந்தது. ஆயரின் முகம் வெளிறியது. "வேண்டாம்மா, நிறுத்துங்க!"

"மாசாணம், உன் வண்டி என் மகளை இடிச்சுது."

மறுபடி அதிர்வு.

"கோர்ட்டுல நீயே சொன்னே. நீ இறங்கிப் பார்த்தே. அவ தண்ணி கேட்டா. திரும்பி வண்டியில ஏறிப் போயிட்டே. ரெண்டு மணி நேரம் அவ உயிரோட கிடந்தா."

மூன்றாவது அதிர்வு நிற்கவில்லை. பாலத்தின் மேல் களைவு வண்டியின் ஊதல் கேட்டது.

மாசாணம் தன் கைகளையே பார்த்தான். "ஒண்ணுமே ஞாபகம் வரலக்கா... ஆனா நீங்க சொல்லுதத நம்புதேன். அது நான்தான்." அப்படியே தண்ணீரில் முழங்காலிட்டான். "ஆண்டவரே, அந்தப் பிள்ளைய விட்டுட்டுப் போனது நான்தான். என்னை மன்னியும்." ரூபாவதியை நிமிர்ந்து பார்க்கவில்லை. "உங்ககிட்ட கேக்க எனக்கு வாயில்லக்கா."

மன்னித்தேன் என்று சொல்ல அவளுக்கும் வாய் வரவில்லை. சேலை நனைய இறங்கிப் போய் அவன் தோளைப் பிடித்துக்கொண்டாள். "ஞானஸ்நானம் குடுங்கம்மா" என்றாள் ஆயரிடம்.

லிடியா அழுதுகொண்டே அவனை மூழ்கவைத்து எழுப்பினார். கரையில் வண்டிக் கதவு திறந்தது.

"எனக்கு நேரமில்ல, கேட்டுக்கோ. உன்னை மறுபடி களைய முடியாது" என்றாள் ரூபாவதி. "அவ பேரு ஜெனிலா. பத்தொம்பது வயசு. இடது கால்ல ஆறு விரல். செருப்புக் கடைக்குப் போனா சண்டைதான். இடிக்குப் பயப்பட மாட்டா, பல்லிக்குப் பயப்படுவா. பொய் சொன்னா மூக்கைச் சொறிவா..."

இரண்டு காவலர்கள் படியிறங்கி வந்தார்கள். அவள் இன்னும் வேகமாகச் சொன்னாள். தலையிலிருந்து நீர் வழிய, மாசாணம் ஒவ்வொன்றையும் அவள் பின்னாலேயே திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தான்.